குடிகளின் நேர்வாக்கு



‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது நம்மவருள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. திருமணப் பேச்சின்கண் பெண்ணை விருப்பம் வினவியவிடத்து அவள் விடை கூறாது தலைகுனிந்து நிற்பாளாயின், பெரியோர் இம்மொழியைச் சொல்லித் தாம்பூலம் மாற்றிக்கொள்வர். வீட்டு வழக்கில் நின்ற இம்மொழி இப்பொழுது பொதுக்காரியங்களிலும் புகுந்துவிட்டது. சில ஆண்டுகட்கு முன்னர் யான் ஒரு சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். சபைக்குரிய நிலத்தை நெடுங்காலக் குத்தகைக்கு விடுவதெனும் தீர்மானத்தைக் காரியதரிசி படித்தார். படித்து முடித்த மூச்சிலேயே, ‘ஆட்சேபம் இல்லை, ஏகமனதாக நிறைவேறியது’ என்றும் சொல்லி முடித்தார். கூடியிருந்தாருள் பாதிப்பேர் அத்தீர்மானத்தைச் செவியில் வாங்கவேயில்லை. எஞ்சினாருட் பலர் எழுந்து வினவக் கூசினர். பின்வரிசையில் அமர்ந்திருந்த பெண்டிரை நோக்கி ஒருவரும் ஒரு சொற் கேட்டிலர். யானும் வாளா இருந்தேன். வீடு திரும்பும் வழியில், ‘யான் சம்மதித்தேனா?’ என்று என்னையே வினவிக்கொண்டேன். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

‘வாக்கு’ என்னும் சொல் நம் மொழியில் பேச்சையும் குறிக்கும். ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுத்த உறுதியையும் குறிக்கும். தேர்தலிற் குடிகள் இடும் சீட்டையும் இக்காலத்தே குறிக்கும். ஆகவே வாக்களித்தலாவது குடிமகன் தன் சொல்லை அளித்தலேயாம். பெரும்பான்மைத் தேசங்களில் அச்சொல்லைச் சில ஆண்டுகட்கு ஒருமுறை பிரதிநிதியைத் தெரிந்தெடுக்கும் பொழுது மட்டுமே குடிகள் சொல்லுகின்றனர். பின்பு சட்டங்களை இயற்றுவோர் பிரதிநிதிகளே. 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் பாரத தேசத்து அரசியலமைப்பும் இம்முறையையே மேற்கொண்டது. வேறு சில தேசங்களிலோ, ‘இச்சட்டம் வேண்டுமா, வேண்டாவா?’ என்று குடிகளையே நேரில் வினவும் வழக்கம் உண்டு. மேனாட்டார் அதனை ரெபரண்டம் என்பர். நாம் பொதுவாக்கெடுப்பு என்றும் நேர்வாக்கு என்றும் கூறுகின்றோம். இம்முறையை நெடுங்காலம் கைக்கொண்டு அதன் நன்மையையும் தீமையையும் ஒருங்கே கண்டது ஸ்விட்ஸர்லாந்து தேசம். அத்தேசத்து வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

மலைநாட்டு வெளிமன்றம்

ஸ்விட்ஸர்லாந்து ஐரோப்பாவின் நடுவே ஆல்ப்ஸ் மலைத்தொடரைத் தழுவிக் கிடப்பதொரு சிறு தேசம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் என நான்கு மொழிகள் அங்கு வழங்குகின்றன. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டார் என்னும் இருதிறத்தாரும் முற்காலத்தே ஒருவரோடொருவர் போர் புரிந்தும் உள்ளனர். காண்டன் எனப்படும் 26 உட்பிரிவுகள் சேர்ந்த கூட்டுத் தேசம் அது. ஒரு மொழியும் ஒரு சமயமும் இல்லாத அத்தேசத்தார் ஒன்றுபட்டு வாழ்வதற்குக் காரணம் யாதென வினவின், பொதுக்காரியத்திற் குடிகளின் சொல்லே முடிவான சொல் என்னும் கொள்கை பெரிதும் காரணமாம் என்று கூறலாம்.

மலைப்பாங்கான காண்டன்கள் சிலவற்றில், இடைக்காலந் தொட்டே, குடிமக்கள் ஆண்டுக்கு ஒருமுறை திறந்த வெளியிற் கூடித் தலைவரைத் தெரிந்தெடுத்தும், சட்டங்களுக்குக் கையுயர்த்தி இசைவு கூறியும் வந்தனர். லாண்ட்ஸ்கெமைண்டே எனப்படும் அவ்வெளிமன்றம் கிளாரஸ், அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்னும் இரு காண்டன்களில் இன்றும் கூடுகின்றது. சீட்டும் பெட்டியும் ஆண்டு இல்லை. உயர்ந்த கைகளைத் தலைவர் கண்ணால் நோக்கியே எப்பக்கம் மிகுதி என்று துணிந்து கூறுவர்.

இம்மன்றம் வெறுஞ் சடங்கன்று. கிளாரஸ் காண்டனில் எந்தக் குடிமகனும் எழுந்து, அரசாங்கத்தார் கொணர்ந்த தீர்மானத்திற்குத் திருத்தம் கூறலாம். 2006-ஆம் ஆண்டில், அக்காண்டனிலுள்ள 25 ஊராட்சிகளை இணைத்துப் பத்தாகக் குறைப்பதென அரசாங்கத்தார் தீர்மானம் கொணர்ந்தனர். கூட்டத்திலிருந்த குடிமகன் ஒருவர் எழுந்து, ‘பத்தும் வேண்டா, மூன்றே போதும்’ என்றார். அரசாங்கத்தாரும் எதிர்பாராதபடி மன்றத்தார் அதற்கே கையுயர்த்தினர். 2011-ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஊராட்சிகளே அங்கு உள்ளன. ஒரு குடிமகன் எழுந்து கூறிய சொல் ஒரு நாட்டின் அமைப்பையே மாற்றிற்று என்பதனை அன்பர்கள் மனத்திற் கொள்வாராக.

மௌனத்தை எண்ணிய வாக்கு

இனி, ஸ்விட்ஸர்லாந்து முழுவதும் ஒருங்கே நடந்த முதல் வாக்கெடுப்பைக் கூறுவோம். 1798-ஆம் ஆண்டிற் பிரெஞ்சுப் படைகள் அத்தேசத்திற் புகுந்தன. பழைய காண்டன்களின் உரிமையைப் பறித்து, ஹெல்வெடிக் குடியரசு என்னும் ஒற்றை அரசை நிறுவின. அவ்வரசு குடிகளின் உள்ளத்தில் வேரூன்றவில்லை. 1802-ஆம் ஆண்டிற் புதியதோர் அரசியலமைப்பை வரைந்து, ஊர்தோறும் பதிவேடுகளைத் திறந்து வைத்து, குடிமக்கள் தம் கருத்தை எழுதிச் செல்லுமாறு பணித்தனர்.

முடிவு யாது? வேண்டும் என்றோர் 72,453 பேர். வேண்டா என்றோர் 92,423 பேர். எதிர்த்தோரே மிக்கார். ஆயினும் அரசியலமைப்பு நிறைவேறியதென அறிவிக்கப்பட்டது. எங்ஙனமெனின், வாக்களிக்க வாராதோர் 1,67,172 பேர்; அவரெல்லாரும் மௌனத்தால் உடன்பட்டாராகக் கொள்ளப்படுவர் என்று ஆள்வோர் முன்னரே விதித்திருந்தனர். இருவகையையும் கூட்டி, 2,39,625 பேர் இசைந்தனர் என்று கணக்குக் காட்டினர். நம் பழமொழி அத்தேசத்தில் அரசாங்க விதியாகவே நின்றது!

அதன் பயனையும் கேண்மின். அவ்வாண்டிலேயே பிரெஞ்சுப் படைகள் தேசத்தை விட்டு நீங்கின. நீங்கின சில திங்களுக்குள் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். உடன்பட்டாராக எண்ணப்பட்டோர் அவ்வரசைக் காக்க முன்வந்திலர். 1803-ஆம் ஆண்டில் நெப்போலியன் வேறோர் ஏற்பாட்டைச் செய்ய, ஹெல்வெடிக் குடியரசு மறைந்தொழிந்தது. மௌனத்தைச் சம்மதமாக எண்ணிக் கட்டிய வீடு முதற் காற்றிலேயே சாய்ந்தது.

குடிகள் பெற்ற இரு கருவிகள்

அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தது. 1847-ஆம் ஆண்டில் காண்டன்களுக்குள் ஒரு சிறு உள்நாட்டுப் போர் மூண்டு சில வாரங்களில் முடிந்தது. அதனையடுத்து 1848-ஆம் ஆண்டில் இக்காலத்து ஸ்விட்ஸர்லாந்தின் அரசியலமைப்புப் பிறந்தது. அதனைத் திருத்த வேண்டின் குடிகளின் நேர்வாக்கையும், காண்டன்களுட் பெரும்பான்மையின் இசைவையும் ஒருங்கே பெறல்வேண்டும் என்று அப்பொழுதே விதித்தனர். குடிகளின் தொகையால் மட்டும் முடிவு செய்யின், பெரிய காண்டன்கள் சிறியவற்றை நசுக்கிவிடும். ஆதலின் இரட்டைப் பெரும்பான்மை வேண்டும் என்றனர்.

பின்பு 1874-ஆம் ஆண்டில் ஒரு கருவியும், 1891-ஆம் ஆண்டில் மற்றொரு கருவியும் குடிகள் கைக்கு வந்தன. முதலாவது தடுக்குங் கருவி. தேசசபையார் ஒரு சட்டத்தை இயற்றியபின், குறித்த நாள் எல்லைக்குள் 30,000 குடிகள் கையெழுத்திட்டுக் கேட்பாராயின், அச்சட்டத்தைப் பொதுவாக்குக்கு விடல்வேண்டும். குடிகள் மறுப்பின் சட்டம் வீழும். இரண்டாவது தொடங்குங் கருவி. அரசியலமைப்பில் இன்ன திருத்தம் வேண்டுமென்று 50,000 குடிகள் கையெழுத்திடின், ஆள்வோர் விரும்பினும் விரும்பாவிடினும், அதனைத் தேசத்தார் முன் வைத்தல்வேண்டும். ஜனத்தொகை பெருகியமையானும், பெண்டிரும் வாக்குரிமை பெற்றமையானும், இக்காலத்தில் முதலாவதற்கு 100 நாளில் 50,000 கையெழுத்தும், இரண்டாவதற்கு 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்தும் வேண்டப்படுகின்றன.

இவற்றுள் ஒரு நுட்பம் காணத்தக்கது. வினாவை எழுப்புவோர் குடிகள். விடை கூறுவோரும் குடிகள். ஆள்வோர் அவ்விடைக்குக் கட்டுப்படுவோர். இதனால் விளைந்த நன்மை வாக்கெடுப்பு நாளில் மட்டும் தோன்றுவதன்று. குடிகள் எந்நாளும் தடுக்கக்கூடும் என்பதை அறிந்தமையால், தேசசபையார் சட்டத்தை எழுதுவதற்கு முன்னரே காண்டன்களையும் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் கருத்துக் கேட்டுப் பழகினர். வாசலிற் கட்டிய நாய் குரையாதிருப்பினும், அது கட்டியிருப்பதே கள்வனை அகற்றும் அன்றோ?

குடிகள் தம் நலத்தையே நோக்கி, பொதுநலத்தை மறந்து வாக்களிப்பர் என்று அஞ்சுவாரும் உளர். 2012-ஆம் ஆண்டில், உழைப்பாளர் அனைவர்க்கும் ஆண்டுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுமுறை வேண்டும் என்றதொரு தீர்மானம் ஸ்விட்ஸர்லாந்துக் குடிகள் முன் வந்தது. நூற்றுக்கு அறுபத்தாறு பேருக்கு மேல் அதனை மறுத்தனர். விடுமுறையினும் தொழிலின் நிலைபேறே பெரிதென எண்ணினர். மற்றும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரசாங்கத்தார் பெற்ற மிகையான அதிகாரம் போர் முடிந்த பின்னும் நீடித்தபோது, 1949-ஆம் ஆண்டிற் குடிகளே ஒரு தீர்மானத்தைத் தொடங்கிச் சிறு பெரும்பான்மையால் நிறைவேற்றி, அவசரச் சட்டங்களுக்கு வரம்பு கட்டினர்.

ஆயினும் இம்முறை மந்தமானது என்பதும் மெய்யே. முதியோர்க்கு உதவித்தொகை வழங்கும் சட்டம் 1931-ஆம் ஆண்டிற் குடிகளால் மறுக்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டிலேதான் நூற்றுக்கு எண்பதின்மர் இசைவு பெற்று நிலைத்தது. இடையே சென்ற பதினாறு ஆண்டுகளில் முதுமையால் வருந்தினோர்க்கு யார் விடை கூறுவர்? மெல்ல நடப்பதற்கும் விலை உண்டு.

ஆள்வோன் எழுப்பும் வினா

குடிகள் எழுப்பும் வினாவைக் கண்டோம். இனி, ஆள்வோனே எழுப்பும் வினாவைக் காண்போம். இதற்கு அயல் தேசமாகிய பிரான்ஸே தக்க சான்று. நெப்போலியன் 1799-ஆம் ஆண்டின் இறுதியில் அதிகாரத்தைக் கைப்பற்றித் தன் அரசியலமைப்பைக் குடிகளின் வாக்குக்கு விடுத்தான். வாக்கு முடியுமுன்னரே அது நடைமுறைக்கு வந்துவிட்டது! 1800-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, இசைந்தோர் 30 இலட்சத்திற்கு மேற்பட்டோர். மறுத்தோர் 1,562 பேர். உள்நாட்டு மந்திரியாயிருந்த அவன் தம்பி லூசியன் தொகையைப் பெருக்கிக் காட்டினான் என்பதும், உண்மையில் இசைந்தோர் ஏறத்தாழ அதிற் பாதியினரே என்பதும் பிற்காலத்து வரலாற்றாசிரியர் ஏடுகளை ஆராய்ந்து கண்ட முடிபு.

அவனுடைய மற்றொரு தம்பியின் மகனாகிய லூயி நெப்போலியன் 1851 டிசம்பர் 2-ஆம் நாள் தேசசபையைக் கலைத்து, எதிர்ப்போரைச் சிறையிலிட்டு, பதினெட்டு நாட் கழித்துக் குடிகளை வாக்களிக்கச் செய்தான். ஏறக்குறைய 74 இலட்சம் பேர் ‘ஆம்’ என்றனர். ‘அன்று’ என்று கூறியிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? அதற்கு வழியே வகுக்கப்படவில்லை. 1870 மே மாதத்தில் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு. மீண்டும் 73 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இசைவு. நான்கு திங்கள் கழியுமுன், ஜெர்மானியரிடம் போரில் தோற்று அவன் சிறைப்பட, செப்டம்பர் 4-ஆம் நாள் பாரிஸ் நகரத்தார் குடியரசை அறிவித்தனர். எழுபது இலட்சம் வாக்கும் அவன் அரியணையைத் தாங்கவில்லை.

ஆள்வோர் எழுப்பும் வினா யாவும் பொய்யென்று கூறுதலும் தகாது. அதே பிரான்ஸில் 1969-ஆம் ஆண்டில் டி கால் என்னும் தலைவர், தாம் கொணர்ந்த சீர்திருத்தத்தைக் குடிகள் மறுப்பின் பதவி துறப்பேன் என்றார். நூற்றுக்கு ஐம்பத்திருவருக்கு மேல் மறுத்தனர். மறுநாளே அவர் பதவியை நீத்தார். ‘அன்று’ என்னும் விடைக்கு உண்மையான பயன் இருக்குமாயின், ஆள்வோன் எழுப்பிய வினாவும் மெய்யான வினாவே.

நமக்கு அண்மையதாகிய இலங்கையிலும் இத்தகைய வினா ஒன்று எழுந்தது. 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆறில் ஐந்து பங்கு இடங்களைப் பெற்றிருந்த ஆளுங்கட்சியார், அடுத்த பொதுத்தேர்தலை நடத்தாது, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே மேலும் ஆறாண்டு நீட்டிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22-ஆம் நாள் குடிகளை வினவினர். நாட்டில் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. இசைவுக்கு விளக்கும் மறுப்புக்குக் குடமும் சின்னங்கள். நூற்றுக்கு ஏறக்குறைய ஐம்பத்தைவர் விளக்கை ஏற்றனர்; யாழ்ப்பாண மாவட்டத்திலோ பத்துக்கு ஒன்பது பேர் குடத்துக்கே வாக்களித்தனர். நீட்டிப்பு நிறைவேறிற்று, அடுத்த பொதுத்தேர்தல் 1989-ஆம் ஆண்டிலேயே நடந்தது. குடிகளின் ஒரு வாக்கைக் கொண்டே குடிகளின் மற்றொரு வாக்கு ஒத்திவைக்கப்பட்ட விந்தையை இங்குக் காண்கின்றோம்.

குடிகள் எனப்படுவோர் யாவர்?

இதுகாறும் கூறியவற்றால், வினாவைக் குடிகளே எழுப்பின் எல்லாம் நன்றாகும் போலும் என்று எவரேனும் எண்ணக்கூடும். அங்ஙனமன்று. 1891-ஆம் ஆண்டிற் பெற்ற தொடங்குங் கருவியை ஸ்விட்ஸர்லாந்துக் குடிகள் முதன்முதலாக எதற்குப் பயன்படுத்தினர் தெரியுமோ? மயக்குறச் செய்யாது விலங்கை அறுத்தலைத் தடுப்பதற்கு. உயிர்களிடத்து இரக்கமே காரணமெனச் சொல்லப்பட்டது. இரக்கமுடையார் பலர் அதில் இருந்ததும் உண்மை. ஆயினும் யூதர்கள் தம் சமய விதிப்படி விலங்கறுக்கும் முறையையே அது தாக்கிற்று. யூதர்மீதுள்ள வெறுப்பும் அக்கிளர்ச்சியில் விரவியிருந்தது. அரசாங்கத்தாரும் தேசசபையாரும் வேண்டாவென்று கூறியும், 1893-ஆம் ஆண்டில் நூற்றுக்கு அறுபதின்மர் இசைவோடு அது நிறைவேறிற்று. 2009-ஆம் ஆண்டிலும், தேசம் முழுவதிலும் நான்கே மினார்கள் இருந்த நிலையில், மசூதிகளில் இனி மினார் எழுப்பலாகாது என்று பெரும்பான்மையோர் வாக்களித்தனர். பலர் கூடிச் சொல்லுவதனாலேயே ஒரு சொல் அறமாகிவிடாது.

இதனினும் பெரிய குறை ஒன்று அத்தேசத்தில் இருந்தது. குடிகளின் சொல்லே முடிவு என்று பெருமை பேசிய அந்நாட்டில், பெண்டிர் குடிகளாக எண்ணப்படவில்லை. 1957-ஆம் ஆண்டில், நாட்டுப் பாதுகாப்புப் பணியிற் பெண்டிரும் கட்டாயமாக உழைத்தல் வேண்டும் என்னும் திருத்தம் வாக்குக்கு வந்தது. அப்பணி பெண்டிர்க்கு, அதனை விதிக்கும் வாக்கு ஆடவர்க்கு! வாலே காண்டனில் உண்டர்பேக் என்னும் மலைச் சிற்றூரார் இதனைப் பொறாராய், தம்மூர்ப் பெண்டிரையும் வாக்களிக்க அழைத்தனர். முப்பத்துமூன்று பெண்டிர் துணிந்து சென்று சீட்டிட்டனர். அச்சீட்டுகள் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அச்செயல் தேசமெங்கும் பேசப்பட்டது.

1959 பிப்ரவரி முதல் நாள், பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்குவதா என்று ஆடவரை வினவினர். வேண்டும் என்றோர் 3,23,727 பேர். வேண்டா என்றோர் 6,54,939 பேர். பன்னிரண்டு ஆண்டு சென்று, 1971 பிப்ரவரி 7-ஆம் நாள், மீண்டும் வினவினர். அப்பொழுது இசைந்தோர் 6,21,109 பேர். மறுத்தோர் 3,23,882 பேர். ஒரு தலைமுறைக்குள்ளாகவே தராசின் தட்டுக்கள் இடமாறி நின்றன. அப்பென்ஸெல் இன்னர்ரோடன் காண்டனார் மட்டும் தம் காண்டன் காரியங்களிற் பெண்டிர்க்கு இடமளிக்க மறுத்தே வந்தனர். 1990 ஏப்ரலிலும் வெளிமன்றத்திற் கூடிய ஆடவர் மறுத்துக் கையுயர்த்தினர். அவ்வாண்டு நவம்பரில், ஆடவரும் பெண்டிரும் சமமென 1981-ஆம் ஆண்டிற் குடிகளே நிறைவேற்றிய விதியை எடுத்துக்காட்டி, தேசத்து உச்ச நீதிமன்றம் அப்பெண்டிர்க்கு உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. உள்ளே இருப்போரைக் கேட்டே கதவு திறக்கப்படும் எனின், வெளியே நிற்போர் நெடுங்காலம் நிற்கவேண்டியதாகும். சிற்சில வேளைகளில் நீதிமன்றமே கதவைத் திறக்கவேண்டியதாயிற்று.

முடிபு

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? நேர்வாக்கின் மதிப்பு அதன் தொகையில் இல்லை. வினாவை எழுப்பியவர் யார், ‘அன்று’ என்னும் விடைக்குப் பயன் உண்டோ, பேசாதாரை எப்பக்கம் எண்ணினர், குடிகள் என்னும் பெயருள் யாரை அடக்கினர், யாரை ஒழித்தனர் என்னும் இந்நான்கையும் வினவிய பின்னரே ஒரு வாக்கெடுப்பை மெய்யென்றோ பொய்யென்றோ துணிதல் வேண்டும்.

இவ்வளவும் பெரிய தேசங்களின் செய்தி; நமக்கு இதனால் ஆவது என்னை எனின், கூறுவேன். அரசாங்கத்தை நடத்துவோர் வானத்தினின்று இறங்குவாரல்லர். ஊர்ச் சபைகளிலும், கோயிற் கமிட்டிகளிலும், நம்முடையது போன்ற சங்கங்களிலும் பழகியோரே பின்பு நாட்டிலும் பழகுகின்றனர். நம் பொதுக்கூட்டங்களில் தீர்மானங்களைப் பல நாள் முன்னரே உறுப்பினர் வீடுகளுக்கு அனுப்புவோமாக. ‘ஆட்சேபம் இல்லை’ என்று முடித்துவிடாது, இசைவோரையும் மறுப்போரையும் தனித்தனியே கையுயர்த்தச் செய்து, இரு தொகையையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுவோமாக. வாளா இருந்தாரை வாளா இருந்தார் என்றே எழுதுவோமாக. சந்தா செலுத்தும் குடும்பத்தில் ஆடவர் பெயரை மட்டும் பதிந்து நிறுத்தாது, வீட்டுப் பெண்டிர் பெயரையும் பதிந்து, அவர் கையையும் எண்ணுவோமாக.

அன்று அக்கூட்டத்தில் எழுந்து, ‘குத்தகைப் பணம் எவ்வளவு? காலம் எத்தனை ஆண்டு?’ என்று இரண்டு வினாக்கேட்க எனக்கு நாழிகை போதாமலில்லை, துணிவே போதவில்லை. மாணாக்கர்க்கு வாய்திறந்து பேசக் கற்பிக்கும் தொழிலுடைய யான் வாய்மூடி இருந்தது பிழையே. கிளாரஸ் வெளிமன்றத்தில் எழுந்து நின்ற அக்குடிமகனை நினைந்து, இனி வருங் கூட்டங்களில் யானும் எழுவேன், அன்பர்களும் எழுவாராக.